இன்னொரு நாள் வருகிறேன்

அமெரிக்கா போக வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். என் ஆசை அவ்வளவு பெரியதில்லை. அமெரிக்காவில் ஒரே ஒரு வீட்டுக்குப் போனால் எனக்குப் போதும். மஞ்சள் வண்ணம் அடித்த மரவீடு, முன்னால் மூன்று படி, பக்கத்தில் பெக்கான் என்ற கொட்டை மரம் ஒன்று. டெக்சாஸில், ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருந்தது அந்த வீடு. அதன் புகைப்படம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. கடைசியில் அந்த வீட்டுக்குப் போனேன். எப்படிப் போனேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை.

ஈரோட்டில் நான் படித்த பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சர் ஒருவர் இருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கடிதம் எழுதிப் பழகினால் ஆங்கிலம் தானாக வரும் என்று எங்கிருந்தோ ஒரு முகவரிப் பட்டியலை வாங்கி வந்து, ஆளுக்கு ஒன்றாகக் கிழித்துக் கொடுத்தார். பேனா நட்பு என்று அதற்குப் பெயர். மற்றவர்களுடைய நட்பெல்லாம் இரண்டு மூன்று கடிதத்தோடு நின்றுபோயிற்று. எனக்குக் கிடைத்த டெக்சாஸ்காரி மட்டும் விடாமல் எழுதினாள். என் வயதுதான் அவளுக்கும். அப்பா இல்லை, அம்மாவும் அவளும் மட்டும் அந்த மஞ்சள் வீட்டில். அவள் கடிதங்கள் சாதாரணமாக இருக்கும். இன்று மழை, பூனை குட்டி போட்டிருக்கிறது, அம்மா சுட்ட ஆப்பிள் பை கருகிவிட்டது, நாங்கள் கருகியதையே தின்றோம். அதை நான் பத்துத் தடவை படிப்பேன்.

நான் எழுதியது கடிதமே இல்லை. பாரத தேசத்தின் சார்பில் அறிக்கை விட்டுக்கொண்டிருந்தேன். "எங்கள் நாட்டில்" என்று தொடங்காத பத்தி கிடையாது. எங்கள் நாட்டில் வலது கையால்தான் சாப்பிடுவோம். எங்கள் நாட்டில் புறப்படும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்போம். எங்கள் நாட்டில் விருந்தாளியை இப்படி நடத்துவோம், பெரியவர்களை அப்படி நடத்துவோம். பாதி உண்மை. மீதி, மேல்நாட்டுக்காரி வாயைப் பிளக்க வேண்டும் என்று நானே சேர்த்தது. வீட்டில் சும்மா நடக்கிற காரியத்துக்கெல்லாம் ஒரு விதி, ஒரு எண்ணிக்கை, ஒரு காரணம் கற்பித்து எழுதினேன். அவள் எல்லாவற்றையும் நம்பினாள். கோலத்தைப் பற்றி எழுதியபோது, கோதுமை மாவில் தன் வீட்டுப் படியில் கோலம் போட்டு, எறும்பு மொய்த்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகப் பதில் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்கும் இந்தியாவைப் பார்க்க ஆசை. யார் முதலில் கடலைத் தாண்டுவது என்று கடிதத்திலேயே பந்தயம் கட்டினோம். ஒரு தடவை காகிதங்களுக்கு நடுவில் ஒரு நீலப் பூவை அழுத்தி வைத்து அனுப்பியிருந்தாள். வசந்தத்தில் அவர்கள் ஊர் சாலையோரம் முழுக்க இந்தப் பூதானாம். நீ வந்தால் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். கல்யாணம் பண்ணிக்கொண்டு ஜெயித்தேன். கல்லூரி முடித்த கையோடு அமெரிக்க மாப்பிள்ளை ஒருவர் வந்தார். நியூ ஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலை. பையனைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா வந்து கேட்டபோது, நான் அட்லஸில் நியூ ஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் நடுவே விரல் வைத்து அளந்துகொண்டிருந்தேன். நாலு விரற்கடைகூட இல்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதருக்கு இது இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஒரே மாதிரி அபார்ட்மென்ட் கட்டிடங்கள் வரிசை வரிசையாக நின்றன. வந்த முதல் வாரம் தபால் பெட்டிக்குப் போய்த் திரும்பியவள், வேறு யார் வீட்டுக் கதவிலோ சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் வரை காரில் போய், காரை அங்கேயே விட்டுவிட்டு, நியூயார்க்குக்கு ரயில் ஏறிவிடுவார். அவருடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவள் என்பதால் நான் வேலைக்குப் போகக் கூடாது, சட்டம் அப்படி. கார் ஓட்டத் தெரியாது. அந்தப் பக்கம் பஸ் ஓடிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள் என்று அம்மா ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு அறைக்குள் இருந்தாள்.

"ஏங்க, டெக்சாஸுக்கு ஒரு தடவ போயிட்டு வரலாமா?" என்று வந்த மாதமே கேட்டேன்.

"டெக்சாஸ் என்ன பக்கத்துத் தெருவா? ஃப்ளைட் புக் பண்ணணும், லீவ் அப்ளை பண்ணணும். பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் நடக்காது என்று அர்த்தம். யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்லிவிட மாட்டோம். அந்த விஷயத்தில் மட்டும் நான் பதினைந்து வயதில் எழுதியது உண்மைதான்.

ஒரு தடவை அவளோடு போனில் பேசினேன். ஏழெட்டு வருடம் எழுதிக்கொண்டவர்களுக்குப் பேச்சு வரவில்லை. அவளுடைய டெக்சாஸ் இழுவை எனக்குப் புரியவில்லை. என் வேகம் அவளுக்குப் புரியவில்லை. சிரித்துச் சிரித்தே போனை வைத்துவிட்டோம். கடிதமே மேல் என்று மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

எழுத என்ன இருந்தது? லாண்ட்ரி ரூமில் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா எழுதுவது? தோட்டத்தோடு தனிவீடு வாங்கியதாக எழுதினேன். ரோஜா வைத்திருப்பதாக எழுதினேன். நானே காரை எடுத்துக்கொண்டு மியூசியத்துக்கும் கடற்கரைக்கும் போய் வருவதாக எழுதினேன். சின்ன வயதில் இந்தியாவைப் பற்றி அளந்தவள், இப்போது அமெரிக்காவைப் பற்றி ஒரு அமெரிக்கக்காரியிடமே அளந்தேன். அவள் அதையும் நம்பினாள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் ரோஜாவை நலம் விசாரித்தாள்.

அமெரிக்கப் பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது பஜ்ஜியில். கீழ் வீட்டில் நடுத்தர வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இருந்தார். லாண்ட்ரி ரூமில் சிரித்துப் பழகி, ஒரு நாள் அவரை டீக்குக் கூப்பிட்டு வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். ஒன்று சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது, போதும் என்றார். போதும் என்றால் விட்டுவிடுகிற வளர்ப்பா என்னுடையது? இன்னும் இரண்டு வைத்தேன். வேண்டாம் என்றார். ஒன்றே ஒன்று என்று தட்டை மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அதையும் எடுத்துத் தின்றுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையாட்டுவதோடு சரி.

"இங்க ஒரு தடவ நோன்னா நோதான். ஃபோர்ஸ் பண்ணக் கூடாது. அவங்களுக்கு அது இன்சல்ட்," என்றார் வீட்டுக்காரர்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. அவருடைய மேலதிகாரி வீட்டில் விருந்து. அந்த அம்மாள் ஒரு தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு வந்து வேண்டுமா என்று கேட்டார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நல்ல குடும்பத்துப் பெண் எப்படிச் சொல்வாளோ அப்படி, பரவாயில்லைங்க, வேண்டாம் என்று சிரித்தேன். ஓகே என்று சொல்லிவிட்டு அவர் தட்டோடு அடுத்தவரிடம் போய்விட்டார். அன்று முழுக்க அந்தக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தயிர்சாதம் பிசையும்போது அழுகை வந்தது. கேக்குக்காக அழவில்லை. இந்த நாட்டில் என்னை இன்னொரு தடவை கேட்க ஒரு ஜீவனும் இல்லை என்று தோன்றிவிட்டது.

புத்திக்குப் புரிந்தது; பழக்கத்துக்குப் புரியவில்லை. கேட்ட உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. காணாததைக் கண்ட மாதிரி பறக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். கேட்டு, மறுத்து, மறுபடி கேட்டு, மறுபடி மறுத்து, கடைசியில் நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று விட்டுக்கொடுத்தால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும்.

சான் ஹோசேக்குப் போனோம். அவருக்கு வேலை மாறியது. எனக்கு மகள் பிறந்தாள். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகினாள். அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அபார்ட்மென்ட்டைச் சுற்றிச் சுற்றி நடந்ததுதான் நான் கண்ட கலிஃபோர்னியா. கடிதங்களில் ரோஜாத் தோட்டத்தையும் கூடவே சான் ஹோசேக்குக் கொண்டுபோயிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்ததும் ஒரு நாள் அவர் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஹூஸ்டன்ல ப்ராஜெக்ட். அடுத்த மாசம் மூவ் பண்ணணும்," என்றார். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலைப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கீழே இறங்கினால் நம்மூர் மளிகைக் கடைகள். டெக்சாஸ் வந்துவிட்டேன் என்று அவளுக்கு எழுதிப் போட்டேன். கடிதம் கிடைத்ததும் அவளே போன் பண்ணினாள். அவள் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்குத் தமிழாகத்தான் கேட்கிறது.

"இந்தச் சனிக்கிழமை வாயேன். நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். ரோட்டோரம் பூரா நீலப் பூ பூத்திருக்கு."

பதினைந்து வருடம் காத்திருந்த அழைப்பு. என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஐயோ, உனக்கு எதுக்குச் சிரமம்? இன்னொரு நாள் வரேன்."

"சரி," என்றாள். பிறகு ரோஜாவை விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். அவள் வந்து கூட்டிப்போவதென்றால் மூன்றாம் மாடிக்கு வருவாள், தனிவீடும் இல்லை, தோட்டமும் இல்லை என்று தெரிந்துவிடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. அதே காரணத்தால் அவளை என் வீட்டுக்கும் கூப்பிடவில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை தலைக்குக் குளித்து, பட்டுக்கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே கிளம்பிட்ட என்று வீட்டுக்காரர் கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன்.

முடிந்தது, அமெரிக்கக்காரி ஒரு தடவைதான் கேட்பாள் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, ஜூன் மாதம் மறுபடி போன் வந்தது.

"அம்மா உன்னைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்க, மூணு பேரும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டாம் தடவை கேட்கிறாள். இந்த நாட்டில் யாரும் என்னை இரண்டாம் தடவை கேட்டதில்லை. "இந்த சண்டே அவருக்கு வேற வேலை இருக்கு. இன்னொரு நாள் கண்டிப்பா வரோம்," என்றேன். வேலை இருந்தவர் சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ஃபார்மாலிட்டிக்குக் கூப்பிடுறாங்க. நீ சீரியஸா எடுத்துக்காத," என்றார் அவர்.

"ஃபார்மாலிட்டிக்கு எவளாவது ரெண்டு தடவ கூப்பிடுவாளா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது போன் செப்டம்பரில் வந்தது. குரல் மெலிந்திருந்தது. சளியா என்று கேட்டேன். அப்படித்தான் வைத்துக்கொள்ளேன் என்றாள்.

"இந்த மாசம் பூரா வேலைக்குப் போகல. வீட்லதான் இருக்கேன். நீ வந்தா எனக்கு ரொம்ப நல்லா இருக்கும். நிஜமாத்தான் கேக்குறேன், வரியா?"

அந்தக் குரலில் இருந்ததைக் கேட்கக் காது இருந்தால் கேட்டிருக்கலாம். என் காது முழுக்க என் சந்தோஷமே நிறைந்திருந்தது. மூன்றாவது தடவை! நம்மூர்க்காரி மாதிரி கெஞ்சிக் கூப்பிடுகிறாள். இன்னும் ஒரு தடவை கேட்கட்டும், அப்போது சரி, நீ இவ்வளவு சொல்றதால வரேன் என்று சொல்லலாம். இப்படி ஒருத்தி என்னைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை.

"உடம்பு சரியில்லாதப்போ உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது. நீ ரெஸ்ட் எடு. இன்னொரு நாள் வரேன்," என்றேன்.

"புரியுது," என்றாள். "நீ சொன்னது நல்லதாப் போச்சு. சந்தோஷமா இரு. ரோஜாவைப் பாத்துக்கோ."

அன்று மாலை வீட்டுக்காரரிடம், "மூணு தடவ கூப்பிட்டுட்டா, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டேன்.

நாலாவது போன் வரவில்லை. அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. போன் அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். பிறகு கோபம் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவாள், வெள்ளைக்காரி புத்தியைக் காட்டிவிட்டாள் பார் என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். நானாகக் கூப்பிட்டிருக்கலாம். நம்பர் மனப்பாடம். ஆனால் கோபித்துக்கொண்டவள் எப்படிக் கூப்பிடுவாள்? கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. எப்போதும் இரண்டு பக்கம் எழுதுகிறவள், நீ நன்றாக இருப்பதில் எனக்கு எப்போதும் சந்தோஷம் என்று ஒரே வரி எழுதியிருந்தாள். கையெழுத்துக் கோணலாக இருந்தது. அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு, பதில் போடாமல் விட்டேன்.

கோபத்தில் ஒரு நல்ல காரியம் செய்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு கார்களுக்கு நடுவில் வண்டியை நுழைத்து நிறுத்தும் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை பிப்ரவரியில் லைசென்ஸ் வாங்கினேன். மார்ச் மாதம் ஒரு காலை, மகளைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டு, ஹில்கிராஃப்ட்டில் அரைக்கிலோ மைசூர்பாகும் ஒரு பாக்கெட் கோலப்பொடியும் வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக ஃப்ரீவேயில் ஏறினேன். லாரிகள் பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாலையோரம் நீலப் பூக்கள் பூத்திருந்தன. வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். எனக்குத் தோட்டம் இல்லை, ரோஜா இல்லை, இன்றுதான் முதல் முதலாகத் தனியாகக் கார் ஓட்டுகிறேன், எல்லாம் பொய், மன்னித்துவிடு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே போன் பண்ணவில்லை. சிநேகிதி வீட்டுக்குப் போவதற்கு எதற்குப் போன்? போய் நின்றால் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

வீடு படத்தில் இருந்ததைவிடச் சின்னது. மஞ்சள் வெளுத்திருந்தது. பெக்கான் மரம் இருந்தது. மூன்று படி ஏறிக் கதவைத் தட்டினேன். நரைத்த தலையோடு ஒரு அம்மாள் திறந்தார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். என் பெயரைச் சொன்னார். எட்டு வருடத்தில் எந்த அமெரிக்கரும் அவ்வளவு சரியாக என் பெயரைச் சொன்னதில்லை.

"ஆன்ட்டி, அவ இருக்காளா?" என்றேன். பழக்க தோஷத்தில் ஆன்ட்டி என்று வந்துவிட்டது.

அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் சொன்னார்.

"ஜனவரியில போயிட்டாம்மா."

புற்றுநோய். ஒன்றரை வருடமாக இருந்திருக்கிறது. வைத்தியம் ஹூஸ்டனில். போகும்போதும் வரும்போதும் ஹில்கிராஃப்ட் எக்ஸிட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். "அந்த போர்டு வரும்போதெல்லாம், இங்கதான் எங்கேயோ இருக்கான்னு சொல்லுவா," என்றார். நான் மூன்றாம் மாடியில் போன் அடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"பரிதாபப்பட்டு யாரும் தன்னைப் பாக்க வரக் கூடாதுன்னா. போனதுக்கப்புறமும் உனக்கு எழுத வேணாம்னு சொல்லியிருந்தா. உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாதாம்."

எனக்கு அழுகைகூட வரவில்லை. மடியில் மைசூர்பாகு டப்பா இருந்தது. அதன் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

"டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

"குடிக்கிறேன்," என்றேன். கேட்ட முதல் தடவையே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் வைத்தார்.

டீயோடு ஒரு அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் கடிதங்கள், ஒன்று விடாமல். நான் அனுப்பிய ஸ்டிக்கர் பொட்டு அட்டை. அவளுடைய பாஸ்போர்ட்டும் அதில் இருந்தது. இந்தியா வருவதற்காக எடுத்தது. திறந்து பார்த்தேன், ஒரு முத்திரையும் இல்லை.

"உன்மேல அவளுக்கு வருத்தமே இல்ல. அதை நீ தெரிஞ்சுக்கணும்," என்று சொல்லி, மேலாக இருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. என் பதினைந்து வயதுக் குண்டு எழுத்து.

எங்கள் நாட்டில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று அதில் எழுதியிருந்தேன். அதனால் விருந்தாளியை மூன்று முறை அழைக்க வேண்டும். மூன்றாம் முறையும் இன்னொரு நாள் என்று சொன்னால், அவருக்கு வர விருப்பம் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். நாலாம் முறை அழைப்பது விருந்தாளியை அவமானப்படுத்துவது. இது எங்களிடம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம்.

கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் அவள் கோடு போட்டிருந்தாள்.

"நான்தான் இன்னொரு தடவ கூப்பிடுன்னேன்," என்றார் அந்த அம்மாள். "நவம்பர்ல நானே போனை எடுத்துட்டேன். என் கையிலேர்ந்து வாங்கி வெச்சுட்டா. வேணாம்மா, மூணு தடவ கேட்டுட்டேன், அவங்க ஊர்ல இதுக்கு மேல கேக்குறது மரியாதை இல்லன்னா."

எந்த ஊரில்? எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதே கிடையாது. வருகிறவர் வந்து உட்காரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மறுக்கிறவர் பிடி கொடுக்கும் வரைக்கும் மறுத்துக்கொண்டே இருப்பார். பத்துத் தடவையும் நடக்கும், இருபது தடவையும் நடக்கும். அதைத்தான் நான் போன் பக்கத்தில் எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று என்பது நான் வைத்தது. அந்தக் கடிதம் எழுதிய மாதம் அவள் நன்றி சொல்லும் பண்டிகையைப் பற்றி, வான்கோழியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாள். பதிலுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசி பெஞ்சில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, மூன்று என்று போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று போட்டேன். ஆயிரக்கணக்கான ஆண்டு என்பதையும் அங்கேயே போட்டேன். அடுத்த பீரியட் கணக்கு. அத்தோடு மறந்துபோனேன்.

அவள் மறக்கவில்லை. நான் அவள் ஊர் வழக்கத்தைப் பஜ்ஜித் தட்டோடு கற்றுக்கொண்டேன். அவள் என் ஊர் வழக்கத்தை நான் சொன்னபடியே காப்பாற்றினாள். சாகக் கிடக்கும்போதும் காப்பாற்றினாள்.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன். எல்லாம் பொய் என்று சொல்வதற்குத்தானே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, டேப் ஒட்டிய இடத்தில் தடவி, பழைய மடிப்பிலேயே மடித்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மகளை நினைத்து ஒரு பெருமை முகத்தில் தெரிந்தது.

"கடைசி வரைக்கும் உங்க வழக்கத்தை மதிச்சா," என்றார். "எனக்குத்தான் மனசு கேக்கல. இன்னும் ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமோன்னு தினமும் தோணுது. நீ சொல்லும்மா. அவ சரியாத்தானே செஞ்சா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா ஆன்ட்டி," என்றேன். "சரியாத்தான் செஞ்சா."